புரோட்டானின் இரு நிறங்கள்

பாவில் நீலமும் ஊடையில் பச்சையும் ஓடும் மயில்கழுத்துப் பட்டை நேரே நோக்குவோர்க்கு அது ஒரே நிறமாய்த் தோன்றும். ஆரணி வட்டாரத்து நெசவாளர் அதனை ஒளியில் சாய்த்துக் காட்டும்போதே இரு நிறமும் தனித்துத் தெரியும். புரோட்டானை அவ்வாறு சாய்த்துப் பார்க்க அறிவியலார்க்கு நெடுங்காலம் பிடித்தது.

ஹைட்ரஜன் அணுவின் கருவாகிய இத்துகள் ஒரு வெறும் புள்ளியன்று என்பதை 1933இல் ஆட்டோ ஸ்டெர்ன் உணர்த்தினார். அதன் காந்தத்தன்மை எதிர்பார்த்ததைவிட இரு மடங்குக்கும் மிகுதியாயிருந்தது. 1950களில் ஸ்டான்ஃபோர்டில் ராபர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் எலக்ட்ரான்களை அதன்மீது எறிந்து, அவை சிதறும் பாங்கிலிருந்து அதன் பருமனை அளந்தார். அதன் ஆரம் ஒரு சென்டிமீட்டரைப் பத்து லட்சம் கோடிக் கூறாக்கினால் ஒரு கூற்றினும் சற்றுக் குறைவு! இப்பணி அவருக்கு 1961இல் நோபெல் பரிசின் ஒரு பாதியைத் தேடித் தந்தது.

புரோட்டானுள் மின்னேற்றம் ஒருவிதமாகவும் காந்தத்தன்மை வேறுவிதமாகவும் பரவியிருக்கலாம். ஆயின் சிதறிய எலக்ட்ரான்களை எண்ணும் முறையில் இரண்டும் கலந்தே வரும். 1950இல் ரோசன்புளூத் வகுத்த சூத்திரத்தால் அவற்றைப் பிரிக்கலாம். எனினும் மோதலின் வேகம் ஏற ஏறக் காந்தப் பங்கு மேலோங்கி, மின்பங்கு சிறு எச்சமாகிவிடும். அந்த எச்சத்தை நம்பியே, இரு பரவல்களும் ஒத்தவை என்று பாடநூல்கள் எழுதின.

கார்கிவ் நகரின் அகியேசர், ரெக்கலோ என்னும் இருவர் 1968இல் வேறு வழி கண்டனர். எலக்ட்ரான்களின் தற்சுழற்சியை ஒரு திசைப்படுத்தி எறிந்தால், அடிபட்ட புரோட்டானும் தற்சுழற்சித் திசையைப் பெறும். அத்திசை எவ்வளவு சாய்ந்துள்ளது என்பதே மின்பங்குக்கும் காந்தப்பங்குக்கும் உள்ள விகிதத்தைச் சொல்லிவிடும். ஏட்டில் எளிது; செய்கையிலோ அரிது. அக்கருத்து முப்பதாண்டுகள் காத்திருந்தது. காலியம் ஆர்செனைடு படிகத்தின்மீது லேசர் ஒளியைப் பாய்ச்சி ஒருதிசைத் தற்சுழற்சி எலக்ட்ரான்களை உதிர்க்கும் வித்தை, 1978இல் ஸ்டான்ஃபோர்டு முடுக்கியில் வேறொரு வினாவுக்காகவே கைகூடியது.

1998இல் வர்ஜீனியாவின் ஜெஃபர்சன் ஆய்வகத்தில் சார்ல்ஸ் பெர்டிரிசா, வீணா பஞ்சாபி முதலியோர் அச்சோதனையை நிகழ்த்தினர். அடிபட்ட புரோட்டானைக் கரித்தகட்டில் மோதவிட்டு, அது எப்பக்கம் மிகுதியும் ஒதுங்குகிறது எனக் கண்டு சாய்வை அளந்தனர். 2000இல் முடிவு வெளியாயிற்று. மாறாது ஒன்றாகவே நிற்கும் என நம்பிய விகிதம் ஏறத்தாழ 0.6 வரை சரிந்திருந்தது. அதே ஆண்டில் அகியேசர் காலமானார்.

பழைய முறையினர் பிழை செய்தனரோ எனின், அதுவுமில்லை. அதே ஆய்வகத்தில் மிகுந்த கவனத்தோடு மீண்டும் எண்ணியபோதும் பழைய விடையே வந்தது. எலக்ட்ரானும் புரோட்டானும் ஓர் ஒளித்துகளையே பரிமாறுவதாகக் கொண்டதில்தான் குறை. சிற்சில வேளை இரண்டைப் பரிமாறும் என 2003இல் கோட்பாட்டாளர் சிலர் கணித்தனர். எலக்ட்ரானையும் அதன் எதிர்த்துகளாம் பாசிட்ரானையும் மாறி மாறி எறிந்து இதனைச் சோதித்த ஹாம்பர்க் நகர ஆய்வு 2017இல் முடிவை வெளியிட்டது. அவ்விளைவு சிறிதாகவே தெரிந்தது. பிணக்குப் பெரிதாகும் உயர்வேகங்களை அச்சோதனை எட்டவில்லை. ஜெஃபர்சன் ஆய்வகத்தில் பாசிட்ரான் கற்றை அமைக்கும் திட்டம் அதற்கெனவும் முன்வைக்கப்பட்டுள்ளது.