தர்மா குமார்: பஞ்சத்துக்கு முந்திய கதையைத் தேடியவர்

அட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களுக்குச் செய்தி சேகரிக்கச் சென்ற நாட்களில், முன்னோர் ஏன் ஊரை விட்டு வந்தார்கள் என்று லயத்து முதியவர்களிடம் கேட்பது என் வழக்கம். "பஞ்சங்க ஐயா, கங்காணி கூட்டியாந்தாரு" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. அதற்கு முந்திய கதையை எவரும் பேச விரும்புவதில்லை. அந்தக் கதையை ஆவணங்களின் துணைகொண்டு ஆராய்ந்தவர்களுள் முன்னோடி, பொருளாதார வரலாற்றறிஞர் தர்மா குமார்.

தமிழ்க் குடும்பமொன்றில், 1928இல் பிறந்தவர். தந்தை கே. வெங்கடராமன் புகழ்பெற்ற இரசாயன விஞ்ஞானி. பம்பாயிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்ற தர்மா, இந்திய ரிசர்வ் வங்கியில் சிலகாலம் பணியாற்றினார். பின்னர் கேம்பிரிட்ஜில் அவர் மேற்கொண்ட கலாநிதிப்பட்ட ஆய்வே, 'தென்னிந்தியாவில் நிலமும் சாதியும்' என்னும் பொருள்படும் தலைப்பில் 1965இல் ஆங்கில நூலாக வெளிவந்தது.

நிலமற்ற கூலி வர்க்கம் பிரித்தானிய ஆட்சியின் படைப்பு என்பது அன்று பரவலாக நிலவிய கருத்து. சுரேந்திர பட்டேல் போன்றோர் அதனை வலியுறுத்தினர். தர்மா குமார் அதை ஏற்கவில்லை. சென்னை மாகாண ஆவணங்களையும் குடிசன மதிப்பீட்டின் சாதிக் கணக்குகளையும் ஒப்பிட்டு, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மக்கள்தொகையில் 10 முதல் 15 சதவீதத்தினர் நிலமற்ற விவசாயக் கூலிகளாக இருந்தனர் என மதிப்பிட்டார். பள்ளர், பறையர் முதலான சாதியினரைப் பண்ணையடிமைகளாகவே வைத்திருந்தது அந்தச் சமூக அமைப்பு. இலங்கை, பர்மா, மலாயா நோக்கிய புலப்பெயர்வையும் அந்நூல் ஆராய்கிறது.

சாதிக் கணக்கை வைத்து வறுமையை அளக்கலாமா, காலனித்துவத்தின் கொடுமையை இது குறைத்துக் காட்டாதா என்ற எதிர்ப்புகள் எழுந்தன. அவற்றில் நியாயமில்லாமலில்லை. வரிச்சுமையும் 1876–78 பஞ்சமும் மக்களைத் துரத்தியது உண்மை. ஆயினும் நமக்கு அவர் விட்டுச்சென்ற கேள்வி கனமானது. ஊரிலிருந்த அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தவர்கள், இங்கே கங்காணியிடம் பட்ட கடனில் சிக்கினார்கள். கடனைக் குறித்த 'துண்டு' இல்லாமல் வேறு தோட்டம் போக முடியாது. அந்த முறை 1921இல்தான் ஒழிந்தது. கங்காணிகளுள் பலர் உயர்ந்ததாகக் கருதப்பட்ட சாதியினர் என்பதையும் மறப்பதற்கில்லை. வெள்ளைத் துரையை மட்டும் குற்றவாளியாக்கிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது.

நூல் வெளிவருவதற்கு முந்திய ஆண்டில்தான், 1964 அக்டோபரில், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என இரு அரசுகளும் மனிதரைப் பங்கிட்டன. ஊரில் நிலமில்லாததால் வெளியேறியவர்களின் பேரப்பிள்ளைகளே 'தாயகம்' திரும்பும்படி பணிக்கப்பட்டார்கள். போய்ச் சேர்ந்தவர்களுக்கு அங்கே எந்த நிலம் காத்திருந்தது?

தர்மா குமார் டில்லி பொருளியற் கல்லூரியில் நெடுங்காலம் கற்பித்தார். இந்தியப் பொருளாதார, சமூக வரலாற்று ஆய்விதழின் ஆசிரியராக ஏறத்தாழ முப்பதாண்டுகள் உழைத்தார். 1983இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் இந்தியப் பொருளாதார வரலாற்றின் இரண்டாந் தொகுதியும் அவர் பதிப்பித்ததே. 2001 அக்டோபரில் காலமானார்.

மலையகத் தமிழரின் இருநூறாண்டு வருகையை 2023இல் நினைவுகூர்ந்தோம். நடந்து வந்த பாதையைப் பற்றி நிறையப் பேசினோம். அந்தப் பாதை எந்தச் சேரியில் தொடங்கியது என்பதைப் பேசுவதற்கும் நமக்குத் துணிவு வேண்டும்.