அணியா, பொருளா? உருவகம் வந்த வழி

‘மதிமுகம் என்பது உவமை, முகமதி என்பது உருவகம்’ என்று சொல்லிவிட்டால் பாடம் முடிந்தது என எண்ணும் வழக்கம் தமிழ் வகுப்பறைகளில் வேரூன்றிவிட்டது. ‘வேரூன்றிவிட்டது’ என்பதும் உருவகந்தான். ஆயினும் அதனை எந்த மாணவனும் அணிக்கு எடுத்துக்காட்டாக எழுதுவதில்லை.

தொல்காப்பியத்தில் உருவகம் என்னும் பெயரால் தனி இலக்கணம் இல்லை. உவமமே கூறப்பட்டுள்ளது. அது வைக்கப்பட்ட இடம் நோக்கத்தக்கது. பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியலுக்கும் செய்யுளியலுக்கும் இடையே உவமவியல் நிற்கிறது. வினை, பயன், மெய், உரு ஆகிய நான்கினை அடியாகக் கொண்டு, அறிந்த ஒன்றினால் அறியாத ஒன்றை விளங்க வைக்கும் வழியாகவே ஆசிரியர் அதனைக் கண்டார். அழகு செய்வது அதன் முதற் பணி அன்று.

11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம், அலங்காரத்தை இலக்கணத்தின் ஐந்தாம் பகுதியாக்கிற்று. அடுத்த நூற்றாண்டில், வடமொழிக் காவியாதரிசத்தைத் தழுவித் தண்டியலங்காரம் எழுந்தது. உருவகத்திற்குத் தனிப்பெயரும் பல வகைகளும் அங்கே கிடைத்தன. அந்நூலைக் குறைகூறுவதற்கில்லை. ‘போல’ என்னும் சொல் நீங்கினால் இரு பொருளும் ஒன்றாகிவிடும் நுட்பத்தை அது தெளிவுபடுத்தியது. ஆயின் ‘அணி’ என்னும் பெயர் ஒரு மயக்கத்தைத் தந்தது. அணி என்றால் நகை. நகை என்றால் கழற்றி வைக்கக் கூடியது.

இம்மயக்கத்தை அன்றே கண்டித்தவர் பேராசிரியர். உவமவியலிலிருந்தும் பிற இயல்களிலிருந்தும் சிலவற்றை எடுத்துக்கொண்டு, அவற்றைச் செய்யுளுக்கு அணி என்று நூல் செய்தோரைத் தம் உரையில் அவர் மறுக்கிறார். சாத்தன் என்பவன் வேறு, அவன் அணிந்த முடியும் தொடியும் வேறு என்று கண்ணால் காண்கிறோம். அணி என்று சொன்னால் அதுவும் செய்யுளினின்று அவ்வாறு வேறாய் நிற்க வேண்டுமன்றோ என்பது அவர் வினா. உவமை வெறும் நகை அன்று என்பதை நிறுவ அவரும் ஓர் உவமையையே கையாண்டார்!

பேராசிரியர் செய்யுளைப் பற்றிச் சொன்னது பேச்சு வழக்கிற்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். ஊசிக்குக் காது, கட்டிலுக்குக் கால், மலைக்கு அடி. இந்த நகைகளைக் கழற்றினால் எஞ்சுவது யாது? பொருளின் பெயரே போய்விடும். தமிழர் ‘ஊற்றுக்கண்’ என்பதை மலாய்க்காரர் ‘மாத்தா ஆயர்’, அதாவது நீரின் கண், என்கின்றனர். ஞாயிறு அவர்களுக்கு ‘மாத்தாஹாரி’, நாளின் கண்.

மலாயாத் தோட்டங்களிலும் இது நிகழ்ந்தது. 1877இல் கியூ பூங்காவிலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. பின்னர்த் தோட்டங்கள் பெருகியபோது, மரத்தைச் சீவியதும் வடிந்த வெண்ணீருக்குத் தமிழ்த் தொழிலாளர் புதுப்பெயர் தேடவில்லை. கள்ளிக்கும் எருக்குக்கும் ஆலுக்கும் முன்னோர் வழங்கிய ‘பால்’ என்னும் சொல் கைவசம் இருந்தது. வந்த சொல் தன் சுற்றத்தையும் அழைத்து வந்தது. மரம் பால்மரம் ஆயிற்று. வாளி பால்வாளி ஆயிற்று. அமிலம் ஊற்றினால் பால் ‘உறைந்தது’. கோப்பையில் இறுகிக் கிடந்தது கட்டிப்பால் ஆயிற்று. மழையில் பால் கெட்டுப்போயிற்று என்று ஒரு பெண் வருந்தியபோது, எந்தப் பால் என்று தோட்டத்தில் எவரும் கேட்டதில்லை.