ஃப்ரீஹோல்ட் என்றால் முழுச் சொந்தமா?

மனை விளம்பரங்களில் 'ஃப்ரீஹோல்ட்' என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். வங்கியில் வீட்டுக்கடன் மனுக்களைப் பார்க்கும்போது நாங்களும் 'ஃப்ரீஹோல்டா, லீஸா' என்று முதலில் கேட்போம். அந்தச் சொல்லுக்கு ஏறக்குறைய ஆயிரம் வருடக் கதை உண்டு.

1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மண்டி வில்லியம், நாட்டு நிலம் முழுவதும் தன்னுடையது என்றார். பிரபுக்கள் அவரிடம் நிலம் பெற்று, பதிலுக்குப் போர்வீரர்களைத் தந்தார்கள். பிரபுக்களுக்குக் கீழே இரண்டு வகையினர். பண்ணையாள், பிரபுவின் வயலில் வாரத்தில் சில நாள் சும்மா உழைத்தாக வேண்டும்; நிலத்தை விட்டுப் போகவும் முடியாது. மற்றவர், இன்ன தொகை, இன்ன கடமை என்று வரையறுத்து நிலம் வைத்திருந்தவர். அவரிடம் இருந்ததுதான் ஃப்ரீஹோல்ட்.

1290-இல் வந்த சட்டம், பிரபுவைக் கேட்காமலே அதை விற்கலாம் என்றது. 1660-இல் போர்க்கடமையும் ஒழிந்தது. ஆனால் சட்டப்படி அந்த நிலத்துக்கு மேலுரிமை இன்றும் அரசருக்கே. மற்றவர்கள் காலக்கெடு இல்லாமல் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அங்கே பிளாட் வாங்குவோருக்கு அதுகூடப் பெரும்பாலும் கிடையாது. 99 அல்லது 125 வருடக் குத்தகைதான், மண் வேறொருவருடையது. அவருக்கு ஆண்டுதோறும் நிலவாடகை வேறு! புதுக் குத்தகைகள் பலவற்றுக்கு அதை 2022-இல்தான் நிறுத்தினார்கள்.

நம் நிலை மேல். பிளாட்டோடு யூடிஎஸ் என்கிற பிரிபடாத மனைப்பங்கும் நமக்குக் கிரயமாகிறது. விற்கலாம், உயில் எழுதலாம். ஆனாலும் பொதுக் காரியத்துக்கு அரசு இழப்பீடு கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். அடிப்படை உரிமையாக இருந்த சொத்துரிமையை 1978-இன் 44-ஆவது திருத்தம் வெறும் சட்ட உரிமையாக்கிவிட்டது. வாரிசும் உயிலும் இல்லாமல் போனவர் சொத்து அரசுக்குத்தான் போகும். வில்லியம் கேட்டால் சந்தோஷப்படுவார்.

நம் கட்டடத்துக்கும் வயதாகிறது. 2022-ஆம் ஆண்டு தமிழ்நாடு அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். அன்றைக்குப் பேரம் பேச நம் கையில் இருப்பது யூடிஎஸ்தான். எல்லா வீட்டுப் பங்கையும் கூட்டினால் மொத்த மனை வருகிறதா? வராவிட்டால் மிச்சம் யார் பேரில் இருக்கிறது? கிரயப் பத்திரத்தின் சொத்து விவரப் பக்கத்தை மட்டும் நகல் எடுத்துக் கொடுங்கள். கூட்டிப் பார்க்கும் வேலையை நான் செய்கிறேன்.