பொன்னேரிக்கு வந்த இரண்டு மழை

கங்கைகொண்ட சோழபுரம் போகிறவர்கள் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நானும் மூன்று தடவை அப்படித்தான் திரும்பியிருக்கிறேன். நாலாவது தடவைதான் பொன்னேரியைத் தேடிப் போனேன். மாசி மாதம், நல்ல வெயில். சீமைக்கருவேலுக்கு நடுவே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "ஐயா, ஏரிக்கு இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன். "நீங்க நிக்கிறதே ஏரிதான் தம்பி" என்றார்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. தஞ்சாவூர் மாதிரி காவிரி பாயும் ஊரை விட்டுவிட்டு, ராஜேந்திரன் ஏன் இந்த மேட்டுக்காட்டில் வந்து தலைநகர் கட்டினான்? வடக்கே படை நடத்த வசதி, கொள்ளிடம் குறுக்கே இருப்பதால் பாதுகாப்பு என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு அதைவிடப் பெரிய விஷயம், அந்தத் தலைநகருக்குச் சோறு எப்படி விளைந்தது என்பதுதான்.

ஜெயங்கொண்டம் பக்கத்து நிலத்தைப் பார்த்தால் இது புரியும். தெற்கே கொள்ளிடம் கிட்டத்தில்தான் ஓடுகிறது. ஆனால் ஆறு பள்ளத்தில், ஊர் மேட்டில். செம்மண் கொல்லைகளில் ஆடிப்பட்டத்துக்கு இடிமழை விழுந்தால் கடலை, கம்பு, வரகு. விழாவிட்டால் ஐப்பசி வரைக்கும் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். வடகிழக்குப் பருவமழைதான் இங்கே பெரிய மழை. அது ஐப்பசி, கார்த்திகையில் மொத்தமாகக் கொட்டிவிட்டு ஓடிவிடும்.

கொள்ளிடத்தின் கணக்கு வேறு. காவிரி பிறக்கிற குடகில் தென்மேற்குப் பருவமழை பெய்தால் ஆடி, ஆவணியில் இங்கே வெள்ளம் வரும். அதாவது, மேட்டு நிலம் காய்ந்து கிடக்கிற அதே மாதங்களில் பக்கத்து ஆறு நுரை தள்ளிக்கொண்டு ஓடும். தண்ணீர் கண்ணுக்குத் தெரியும், வாய்க்கு எட்டாது.

இப்போது ஏரிக்கு வருவோம். அதன் பழைய பேர் சோழகங்கம். கங்கைப் படையெடுப்பின் நினைவாக, தண்ணீராலேயே நட்ட வெற்றித்தூண் என்கிற பொருளில் திருவாலங்காட்டுச் செப்பேடு இதைச் சொல்கிறது. 1855-ல் வெளியான ஆங்கிலேயர் குறிப்பு ஒன்று கணக்கோடு பேசுகிறது: வடக்கு தெற்காக 16 மைல் நீளக் கரை, பலமான மதகுகள். தெற்கே கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கு மேல் நீண்ட ஒரு கால்வாய். வடக்கே வெள்ளாற்றிலிருந்து ஒரு சின்னக் கால்வாய்.

அந்த 60 மைல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பக்கத்தில் ஓடுகிற ஆற்றிலிருந்து தண்ணீர் எடுக்க எதற்கு அவ்வளவு தூரம்? இங்கே எடுத்தால் மேட்டில் ஏறாது. மேற்கே, ஆற்றின் மட்டம் உயரமாக இருக்கிற இடத்திலேயே பிரித்து, சரிவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துக் கொண்டுவந்தால்தான் ஏறும். அப்படி வந்த தண்ணீர் குடகு மழை. வெள்ளாற்றுக் கால்வாயும் ஓடைகளும் கொண்டுவந்ததில் பெரும்பங்கு ஐப்பசி மழை. வெவ்வேறு மாதத்தில், வெவ்வேறு மலையில் பெய்த இரண்டு மழையை ஒரே கரைக்குள் நிறுத்தியிருக்கிறார்கள். ஒன்று பொய்த்தாலும் இன்னொன்று கைகொடுக்கும். இது என் ஊகம்தான், ஆனால் இரண்டு பக்கமும் கால்வாய் வெட்டியதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

ஏரியை ஒரு படையெடுப்புதான் அழித்தது என்பது செவிவழிச் செய்தி. இருக்கலாம். ஆனால் 60 மைல் கால்வாயைக் கொல்லப் படையே வேண்டாம். நாலு வருஷம் தூர் வாராமல் விட்டால் போதும். 1279-க்குப் பிறகு இங்கே சோழ அரசே இல்லை. மண்வெட்டியோடு 60 மைலுக்கும் ஆளை அனுப்ப யார் இருந்தார்கள்? அந்த 1855 குறிப்பு எழுதப்பட்டபோது ஏரிக்குள் அடர்ந்த காடு.

இதற்கு முன்னாலேயே இன்னொன்று நடந்துவிட்டது. 1836-ல் அணைக்கரையில் கீழணை கட்டினார்கள். கல்லுக்கு எங்கே போவது? ராஜேந்திரன் கோயிலின் மதிலை இடித்து எடுத்துப் போனார்கள். ஊர்க்காரர்கள் தடுக்கப் பார்த்தும் நடக்கவில்லை. பதிலுக்குச் செங்கல் சுவர் கட்டித் தருவதாகச் சொன்னதும் நடக்கவில்லை. கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணத்துக்குத் தண்ணீர் போகிறது. வீராணம் பராந்தகன் காலத்து ஏரி, பள்ளத்தில் இருக்கிறது. ஆக, ராஜேந்திரன் கோயில் கல் அவன் முன்னோர் ஏரியை நிரப்புகிறது, 2004-லிருந்து சென்னைக்கும் குடிநீர் தருகிறது. அவனுடைய ஏரிக்கு மட்டும் அந்தத் தண்ணீர் ஏறாது.

ஒரே மழைக்கு வந்துவிட்ட மேட்டு நிலத்துக்கு இன்றைய துணை முந்திரி. ராஜேந்திரன் பார்த்தே இருக்காத மரம். போர்ச்சுகீசியர்கள் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தது. இன்று ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பக்கம் எங்கே பார்த்தாலும் முந்திரிக்காடு. கார்த்திகை மழையை வேரில் வாங்கிக்கொண்டு, தை, மாசியில் பூத்து, பங்குனி, சித்திரையில் கொட்டை தரும். கால்வாய் கேட்காது. ஆனால் பூக்கிற நேரத்தில் வானம் காய்ந்திருக்க வேண்டும். தை மாதத்தில் மேகமூட்டமும் மழையுமாக இருந்தால் தேயிலைக் கொசுவும் பூங்கொத்துக் கருகலும் வந்து, அந்த வருஷத்து வரும்படி போச்சு. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூர்ப் பக்கம் முந்திரியை வேரோடு சாய்த்தபோது, மார்கழி நடுவிலும் புயல் வரும் என்பது எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது. நெல் போனால் அடுத்த போகம் உண்டு. மரம் போனால் புதுக்கன்று பலன் தர வருஷக்கணக்கு ஆகும்.

2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் விநாடிக்கு லட்சம் கனஅடிக்கு மேல் ஓடியது. 22-ம் தேதி முக்கொம்பில் ஒன்பது மதகுகளே அடித்துக்கொண்டு போயின. அத்தனையும் இந்த மேட்டுக்குத் தெற்கே ஓடிக் கடலில் சேர்ந்தது. இங்கே அப்போது ஐப்பசிக்குக் காத்திருந்தார்கள்.

2025-ல் சோழகங்கத்தைச் சீரமைக்கப்போவதாக அரசு அறிவித்திருக்கிறது. கரை, மதகு, தூர் எல்லாம் சரி. அந்த மேற்கத்திக் கால்வாய் என்னாகும் என்று யோசித்தபோது, பெரியவரிடம் கேட்டது ஞாபகம் வந்தது. "ஆத்துத் தண்ணி இதுக்குள்ள வந்து பாத்திருக்கீங்களா?"

அவர் சிரித்தார். "எங்க தாத்தாவே பாத்ததில்ல தம்பி. மழை பேஞ்சா நிக்கும். அவ்வளவுதான்." பிறகு ஆட்டை ஓட்டிக்கொண்டு கரை ஏறினார்.