பெலிகன் விடுதியின் கணக்கு

ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘த ரோட் டு விகன் பியர்’ (1937) புத்தகத்தை நம்மில் பலர் அதன் இரண்டாம் பாதிக்காகவே படித்திருக்கிறோம், சோஷலிஸ்டுகளோடு அவர் போடும் சண்டைக்காக. முதல் பாதியில், மனைவியை இழந்த கிழவர்களைப் பற்றிச் சில வரிகள் வருகின்றன. முதியோர் பென்ஷன் வாங்கும் கிழவர் வேலையில்லாத மகன் வீட்டில் இருந்தால், அவர் அங்கே பணம் கொடுத்துத் தங்குபவராகக் கணக்கில் சேர்க்கப்படுவார். மகனின் உதவித்தொகை குறையும். எனவே கிழவர் வெளியேறி, ஏதாவதொரு மலிவான விடுதியில் பென்ஷனைக் கொடுத்துவிட்டு அரைப்பட்டினியாகக் கிடப்பார். மகன் துரத்திவிட்டான் என்று சொல்ல முடியாது. நம் கதைக்காரர் யாராவது எழுதியிருந்தால் இந்த இடத்தில் கல்நெஞ்சுக்கார மருமகள் ஒருத்தி வந்திருப்பாள்.

இதற்கு மீன்ஸ் டெஸ்ட் என்று பெயர். 1931 நவம்பரில் பிரிட்டனின் தேசிய அரசாங்கம் கொண்டுவந்தது. இன்ஷூரன்ஸ் உதவி 26 வாரத்தில் தீர்ந்துபோனவன் உள்ளூர்ப் பொது உதவிக் குழுவிடம் போகவேண்டும். குழுவின் ஆள் வீட்டுக்கு வந்து மகளின் ஆலைச் சம்பளம், தம்பியின் சம்பளம், சேமிப்பு எல்லாவற்றையும் குறித்துக்கொள்வான். மகளுக்கு இரண்டு ஷில்லிங் ஏறினால் அப்பனுக்குக் குறையும். வயதுவந்த பிள்ளைகள் வேறு விலாசம் தேடிப் போனார்கள். சிலர் போனதாகப் பாவனை செய்தார்கள். அண்டைவீட்டார் மொட்டைக் கடிதம் எழுதினார்கள். வால்ட்டர் கிரீன்வுட்டின் ‘லவ் ஆன் த டோல்’ (1933) நாவலாக இரண்டாந்தரம்தான் என்பது என் அபிப்பிராயம். ஆனால் ஒரே கூரையின் கீழ் ஒருவர் சம்பளம் இன்னொருவர் சோற்றில் கைவைப்பதை அதைவிட நேராகச் சொன்ன புத்தகத்தை நான் படித்ததில்லை. குடும்பம் முழுவதையும் ஒரே கணக்காகப் பார்த்த இந்த முறை 1941இல்தான் ரத்தாயிற்று.

1931இன் அதிகாரிகள் இதைப் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. சம்பாதித்தால் சம்பாதித்த அளவுக்குக் கழி என்ற விதி அதற்கு நூற்றுமுப்பது வருஷத்துக்கு முன்பே, ஒரு சாராய விடுதியில் அட்டவணையாக எழுதப்பட்டுவிட்டது.

1795 மே 6. பெர்க்‌ஷயரில் ஸ்பீன்ஹாம்லாந்து என்ற ஊர், பெலிகன் விடுதி. பிரெஞ்சு யுத்தம், மோசமான விளைச்சல், ரொட்டி விலை ஏறிக்கொண்டிருக்கிறது. மாவட்ட மாஜிஸ்திரேட்டுகள் (நிலக்காரர்களும் பாதிரிமார்களும்) கூடியது கூலியை நிர்ணயிக்கத்தான். பழைய சட்டம் ஒன்றின்படி அந்த அதிகாரம் அவர்களுக்கு இருந்தது. கூடிப் பேசி, நிர்ணயிக்க வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். கூலியை உயர்த்தும்படி பண்ணைக்காரர்களுக்குச் சிபாரிசு மட்டும் செய்துவிட்டு, அட்டவணையை எழுதினார்கள். 8 ராத்தல் 11 அவுன்ஸ் எடையுள்ள ரொட்டி 1 ஷில்லிங் விற்கும்போது, உழைக்கும் ஏழை ஒருவனுக்கு வாரம் 3 ஷில்லிங் கிடைக்கவேண்டும்; மனைவிக்கும் குடும்பத்தில் மற்ற ஒவ்வொருவருக்கும் 1 ஷில்லிங் 6 பென்னி. ரொட்டி விலை ஒரு பென்னி ஏறினால் அவனுக்கு 3 பென்னியும் மற்றவர்களுக்குத் தலைக்கு 1 பென்னியும் ஏறும். குடும்பத்தின் உழைப்பில் வந்தது போக, மிச்சத்தை ஊர் ஏழை வரியிலிருந்து கொடுக்கும்.

மனிதத்தன்மையுள்ள ஏற்பாடு என்றுதான் முதலில் படும். லெட்ஜர் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அடுத்த பத்தி தெரிந்துவிடும். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள்: வாரம் 7 ஷில்லிங் 6 பென்னி. அவர்கள் 6 ஷில்லிங் சம்பாதித்தால் ஊர் ஒன்றரை ஷில்லிங் தரும். இன்னும் ஒருநாள் மழையில் நின்று 7 ஷில்லிங் சம்பாதித்தால் ஊர் அரை ஷில்லிங் தரும். கையில் வருவது அதே ஏழரை. பண்ணைக்காரர் பக்கத்திலிருந்து பாருங்கள்: அவர் கூலியை 6இலிருந்து 5 ஆக்கினாலும் குடும்பத்துக்கு வருவது ஏழரைதான். குறைத்த ஒரு ஷில்லிங்கை ஊர் முழுவதும் கட்டும். கூலிக்கு ஆளே வைக்காத சின்ன விவசாயியும் கட்டுவான். இந்தக் கணக்கில் கையில் கூடுதலாகக் காசு பார்க்கிறவர் ஒருவர்தான். கூலி உயர்வின் முழுப் பலனும் வரி கட்டுபவர்களுக்குப் போகும்படி செய்துவிட்டு, கூலிக்காரனுக்கு முயற்சியில்லை என்று பிற்பாடு எழுதினார்கள். குறைந்தபட்சக் கூலிக்காக சாமுவேல் விட்பிரெட் பார்லிமெண்டில் கொண்டுவந்த மசோதா, பிட் எதிர்த்ததால் 1796 பிப்ரவரியில் தோற்றது. பெலிகன் அட்டவணை பார்லிமெண்ட் சட்டமாக ஒருநாளும் ஆகவில்லை. தென் இங்கிலாந்தின் மாவட்டங்கள் தத்தம் அட்டவணைகளை வைத்துக்கொண்டன.

முயற்சியில்லாத அந்த ஜனங்கள் 1830இல் என்ன செய்தார்கள்? கென்ட்டில் ஆரம்பித்துத் தெற்கு முழுவதும் கதிரடிக்கும் யந்திரங்களை உடைத்தார்கள், வைக்கோற்போரைக் கொளுத்தினார்கள். கூடவே பண்ணை வாசலில் நின்று கூலியை உயர்த்து என்று கேட்டார்கள். பல ஊர்களில் கேட்டது நாளுக்கு 2 ஷில்லிங்கும் கொஞ்சம் பென்னியும். 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். ஏறக்குறைய 500 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள்.

இதற்குப் பிறகு 1832இல் கமிஷன், 1834இல் அறிக்கை. எழுதியவர்களில் முக்கியமானவர்கள் நாஸா சீனியரும் எட்வின் சாட்விக்கும். உதவித்தொகை ஏழையைச் சோம்பேறியாக்கிவிட்டது, கூலி குறைந்ததற்கும் ஒழுக்கம் கெட்டதற்கும் அதுவே காரணம் என்பது அறிக்கையின் கட்சி. இனி உதவி வேண்டுமானால் வொர்க்ஹவுஸுக்குள் போகவேண்டும். உள்ளே இருக்கும் வாழ்க்கை வெளியே உள்ள மிகத் தாழ்ந்த கூலிக்காரனின் வாழ்க்கையைவிட மோசமாக இருக்கவேண்டும். கழித்தல் விதியில் தப்பு இருந்தது என்பதை அவர்கள் பார்க்காமல் இல்லை. பார்த்துவிட்டு அதை ஏழையின் சுபாவம் என்று பெயர்மாற்றிப் பதிவு செய்தார்கள். குறைந்த கூலியும் வேலையில்லாமையும் முதலில் இருந்தன, உதவி அவற்றைத் தொடர்ந்து வந்தது என்று மார்க் பிளாக் என்ற பொருளாதார அறிஞர் 1963இல்தான் விரிவாக வாதித்தார்.

அதற்குள் அறிக்கையின் கதை வேறு இடங்களுக்குப் பரவியிருந்தது. மார்க்கெட் சமூகத்தை அவ்வளவு கடுமையாக விமர்சித்த கார்ல் பொலானியே ‘த கிரேட் ட்ரான்ஸ்ஃபர்மேஷன்’ (1944) நூலில் ஸ்பீன்ஹாம்லாந்தைப் பற்றி எழுதும்போது, பெரும்பாலும் கமிஷனின் சித்திரத்தை ஏற்றுக்கொள்கிறார். விபரீதம் பிறகு வருகிறது. 1969இல் நிக்ஸன், ஏழைக் குடும்பங்களுக்குக் குறைந்தபட்ச வருமானம் தரும் திட்டம் ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தபோது, அதை எதிர்த்த ஆலோசகர் மார்ட்டின் ஆண்டர்சன் அவர் மேஜையில் வைத்த குறிப்பில் இருந்தவை பொலானியின் அந்தப் பக்கங்கள். திட்டம் அறிவிக்கப்பட்டது, ஸெனட்டில் செத்தது. ஒரு சோஷலிஸ்டின் புத்தகம் வெள்ளை மாளிகையில் இப்படிப் பயன்பட்டதை நினைத்தால் எனக்கு இன்னமும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகின்றன.

பிரிட்டனில் 1971 ஆகஸ்டில், ஹீத் அரசாங்கத்தில் கீத் ஜோஸஃப், வேலை பார்த்தும் போதாத குடும்பங்களுக்கான வருமான உதவியைத் தொடங்கினார். நிர்ணயித்த தொகைக்கும் சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை அரசு தரும். ஆகவே ஒரு பவுன் சம்பளம் ஏறினால் 50 பென்ஸ் உதவியில் போகும். அதோடு வருமான வரி, இன்ஷூரன்ஸ் சந்தா, வாடகைச் சலுகையில் குறைவு, பள்ளியில் குழந்தையின் இலவசச் சாப்பாடு. எல்லாம் ஒன்றாக விழும்போது சிலருக்கு ஒரு பவுன் ஏற்றத்தில் ஒரு பவுனுக்கு மேலேயே போனது. அந்த வருஷம் டிசம்பரில் ஃப்ராங்க் ஃபீல்டும் டேவிட் பியஷாவும் ‘நியூ ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் எழுதிய கட்டுரை இதற்கு வறுமைப் பொறி என்று பெயரிட்டது. 1795இல் எலிக்குத்தான் பழி போட்டார்கள். பொறி என்ற சொல் வர 176 வருஷம் ஆகியிருக்கிறது.

2013இல் யூனிவர்ஸல் கிரெடிட் வந்தது. பல உதவிகளை ஒன்றாக்கி, கழித்தலையும் ஒரே விகிதமாக்கினார்கள்: குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பாதிக்கும் ஒவ்வொரு பவுனுக்கும் 65 பென்ஸ். 2017இல் அது 63 ஆயிற்று, 2021 கடைசியில் 55. அந்த வருஷம் இங்கிலாந்தில் மிகப் பெரிய பணக்காரனின் கடைசிப் பவுனுக்கு வருமான வரி 45 பென்ஸ்.