களா

களா (பெருங்களா) என்பது அரளிக் குடும்பத்தைச் சேர்ந்த, உண்ணத்தக்க கனிகளைத் தரும் ஒரு முட்புதர்ச் செடியாகும். இதன் அறிவியல் பெயர் கரிசா கரண்டாசு. லின்னேயசு 1767 ஆம் ஆண்டு இதற்கு இப்பெயரை இட்டார். இதன் காய் பேச்சு வழக்கில் களாக்காய், கிளாக்காய் எனப்படுகிறது. சிறிய கனிகளை உடைய சிறுகளா இதன் நெருங்கிய இனமாகும்.

விளக்கம்

இச்செடி பொதுவாக 2 முதல் 4 மீட்டர் உயரம் வளரும். இலைகள் எதிரெதிராக அமைந்தவை. முட்கள் உறுதியானவை, பெரும்பாலும் கவைத்திருக்கும். மலர்கள் வெண்ணிறமும் நறுமணமும் உடையவை. காய் முற்றும்போது இளஞ்சிவப்பாகிப் பின்னர் கருஞ்சிவப்பு அல்லது கருநிறக் கனியாகிறது. கிளையையோ காயையோ கீறினால் வெண்பால் வடியும்.

வாழிடம்

இந்தியத் துணைக்கண்டத்தின் வறண்ட பகுதிகளில் களா இனங்கள் வளர்கின்றன. விருதுநகர் மாவட்டத்தில் இராசபாளையம், திருவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களை ஒட்டிய மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம் இவற்றிற்கு ஏற்ற வாழிடமாகும். சிவகாசியில் பட்டாசுத் தொழில் வேரூன்றத் துணைநின்ற வறண்ட காலநிலையே இத்தகைய முட்புதர்களுக்கும் ஏற்றதாக உள்ளது. எனினும் இம்மாவட்டத்தின் தரிசு நிலங்களில் சீமைக் கருவேலம் பரவி, நாட்டுப் புதர்களின் இடத்தைக் கவர்ந்துள்ளது. இதனை அகற்றுமாறு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017 இல் உத்தரவிட்டது. அயல் தாவரங்களை அகற்றி நாட்டுத் தாவரங்களை மீட்பதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022 இல் வெளியிட்டது. அகற்றிய இடத்தில் நாட்டுச் செடிகளை நடாவிடில் சீமைக் கருவேலம் மீண்டும் முளைத்துவிடும். வறட்சியைத் தாங்குவதாலும் ஆடுமாடுகளை முட்களால் தடுப்பதாலும் களா உயிர்வேலிக்கு உகந்தது. இதன் விதைகள் விரைவில் முளைப்புத்திறனை இழப்பதால், கனியிலிருந்து எடுத்தவுடன் விதைக்க வேண்டும்.

பயன்கள்

புளிப்பான காய் ஊறுகாய்க்குப் பயன்படுகிறது. நன்கு பழுத்த கனி அப்படியே உண்ணப்படுகிறது. பெக்டின் மிகுந்திருப்பதால் பழக்கூழ் செய்ய ஏற்றது. கொட்டை நீக்கி, சாயமேற்றி, சர்க்கரைப்பாகில் ஊறவைத்த களாக்காய் "செர்ரி" என்ற பெயரில் அடுமனைகளில் விற்கப்படுகிறது.

எச்சரிக்கை

இதே குடும்பத்தைச் சேர்ந்த அரளியும் மஞ்சள் அரளியும் கொடிய நஞ்சுடையவை. மஞ்சள் அரளியின் விதை உயிரைப் பறிக்கக்கூடியது. அரளிகளுக்கு முட்கள் இல்லை. செடியை உறுதியாக அடையாளம் காணாமல் எந்தக் காட்டுக் கனியையும் உண்ணலாகாது.

இலக்கியத்தில்

பதிற்றுப்பத்தின் நான்காம் பத்தில் பாடப்பெற்ற சேர மன்னன் களங்காய்க்கண்ணி நார்முடிச்சேரலின் பெயரில் களங்காய் இடம்பெறுகிறது. புறநானூற்றின் 127 ஆம் பாடல் யாழின் கரிய தண்டிற்குக் களாக்கனியை உவமையாக்குகிறது.