ரைட்டர்ஸ் கட்டடத்தில் ஒரு கல்லூரி

சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்கு முறையான பயிற்சி வேண்டும் என்னும் எண்ணம் நம் நாட்டில் எங்கே உருப்பெற்றது? கல்கத்தாவில் வாழும் நேயர்கள் விடையை நாள்தோறும் கடந்து செல்கின்றனர். லால் திகியின் வடகரையிலுள்ள ரைட்டர்ஸ் கட்டடத்தில்தான் ஃபோர்ட் வில்லியம் கல்லூரி நடைபெற்றது.

கிழக்கிந்தியக் கம்பெனி இளம்பிள்ளைகளை 'ரைட்டர்' என்னும் எழுத்தர்களாகக் கப்பலேற்றி அனுப்பியது. சில ஆண்டுகளில் அவர்களே வரி வசூலிக்கவும் வழக்கு விசாரிக்கவும் அமர்ந்தனர். எதிரே நின்ற குடியானவன் கூறியது அவர்களுக்கு விளங்காது. இடையில் நின்றவர் பெயர்த்துச் சொன்னதே வழக்கு. மொழி தெரியாத கச்சேரியில் நிற்பது எத்தகையதென்று, பிற மாநிலங்களில் பிழைக்கும் நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. இந்நிலையை மாற்றக் கருதியே வெல்லெஸ்லி பிரபு 1800-இல் கல்லூரியை நிறுவினார்.

ஆசிரியர்கள் கிடைத்தனர், பாடநூல்கள் இல்லை. ஆகவே அவர்களே நூல் இயற்றினர். வில்லியம் கேரியின் வங்காள இலக்கணமும், ராம்ராம் பாசுவின் பிரதாபாதித்தியன் சரித்திரமும் 1801-இல் வெளிவந்தன. கேரிக்கு மாதம் 500 ரூபாய். அவருக்கே வங்காளி கற்பித்த முன்ஷியாகிய பாசுவுக்கு 40 ரூபாய்! வகுப்பு முடிந்த பின்னரும் உத்தியோகஸ்தரின் மேசைமீது துணையிருந்தவை இத்தகைய இலக்கணங்களும் அகராதிகளுமே.

செலவை விரும்பாத லண்டன் இயக்குநர்கள் 1802-இல் கல்லூரியை மூடப் பணித்தனர். எனினும் அது சுருங்கிய அளவில் 1854 வரை நீடித்தது. சென்னையில் எல்லிஸ் துரையின் முயற்சியால் 1812-இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி எழுந்தது. தென்மொழிகள் வடமொழியினின்று பிறந்தவையல்ல என்று நிறுவிய அவரது கட்டுரை, 1816-இல் அக்கல்லூரி அச்சகத்திலேயே அச்சேறியது. எழுத்தர்களைப் பழக்க வைத்த இடத்தில் எத்தகைய விளைச்சல்!

அகராதி இருந்த மேசையில் இன்று கணினி இருக்கிறது. மத்திய அரசின் ஆட்சிமொழித் துறைக்காகப் புனேயிலுள்ள சி-டாக் நிறுவனம் ஆக்கிய 'கண்டஸ்த்' என்னும் கருவி, முன்னர் மொழிபெயர்த்த வாக்கியங்களைச் சேமித்து வைத்து, ஒத்த வாக்கியம் வருங்கால் எடுத்து நீட்டுகிறது. நாம் 'கண்டபாடம்' என்கிறோமே, அதன் உறவுச் சொல்தான். உழைப்பு குறைகிறது, ஐயமில்லை. ஆனால் முதலில் மொழிபெயர்த்தவர் தவறியிருப்பின் அத்தவறும் கண்டபாடமே. 1971-இல் தோன்றிய மத்திய மொழிபெயர்ப்புப் பணியகம் கொல்கத்தாவிலும் ஒரு பயிற்சி மையம் வைத்திருக்கிறது. கருவி வந்ததால் அதன் வேலை குறைந்துவிட்டதென நான் கருதவில்லை. 'சார்ஜ்' என்னும் ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அது பொறுப்பா, கட்டணமா, குற்றச்சாட்டா என்பது கோப்பை முதலிலிருந்து படித்த எழுத்தருக்கே தெரியும்.